18446744073709551615: இருபது இலக்கத்துக்குள் என்னென்ன இருக்கிறது?

கேள்வி இது: "காலியாக இருந்த ஒரு பட்டியலின் நீளத்திலிருந்து 1-ஐக் கழித்தேன். −1 வரும் என்று நினைத்தேன். திரையில் 18446744073709551615 என்று வந்து நிற்கிறது. இது குப்பை எண்ணா, அர்த்தமுள்ள எண்ணா? பகா எண்ணா? கணிதத்தில் இதற்கென்று ஏதாவது குணம் உண்டா?"

குப்பை இல்லை. நிரல் எழுதுகிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் சந்திக்கிற எண் இது. பகா எண்ணும் இல்லை. கடைசி இலக்கம் 5 என்பதால் 5-ஆல் வகுபடும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். இலக்கங்களை எல்லாம் கூட்டினால் 87 வரும், ஆகவே 3-ஆலும் வகுபடும், 9-ஆல் வகுபடாது. ஆனால் உங்கள் மூன்றாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த எண்களில் இது ஒன்று. கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம்.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். குறியில்லாத 64 பிட் முழு எண்ணில், அதாவது கழித்தல் குறிக்கு இடமில்லாத, 64 இரும இலக்கம் கொண்ட முழு எண்ணில், மிகச் சிறியது 0. மிகப் பெரியது, 64 இடங்களிலும் 1 நிரம்பியது. பழைய வண்டிகளின் கிலோமீட்டர் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். 99999-க்குப் பிறகு ஒரு கிலோமீட்டர் ஓடினால் 00000 ஆகிவிடும். அதையே பின்பக்கமாகச் சுற்றினால் 00000-க்கு முந்தியது 99999. உங்கள் நிரல் அப்படிப் பின்பக்கமாக ஒரு படி சுற்றியது, அவ்வளவுதான். இரும முறையில் 9-க்கு வேலை இல்லை, இருப்பதில் பெரிய இலக்கமே 1. அதனால் 64 ஒன்றுகள் வரிசையாக வந்து நின்றன. பதினாறடிமானத்தில் எழுதினால் எஃப் என்ற எழுத்து 16 முறை. நமக்குப் பழக்கமான பத்தடிமானத்தில் எழுதும்போதுதான் அது ஒழுங்கே இல்லாத இருபது இலக்கமாகத் தெரிகிறது.

ஆக, இந்த எண்ணின் உண்மையான பெயர் 2⁶⁴ − 1. இந்தப் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும், மீதியெல்லாம் கையாலேயே செய்துவிடலாம். நம் வழக்கத்தில் காற்புள்ளி போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. ஒரு லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, அதற்கு மேலும் கொஞ்சம். ஆம்பல், தாமரை, வெள்ளம் என்று பெரிய எண்களுக்குப் பூவின் பெயரும் நீரின் பெயரும் வைத்த மொழி நம்முடையது. ஆனாலும் இந்த எண்ணைப் பொறுத்தவரை வாயால் படிப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அடுக்காகப் பார்த்தால்தான் அது பேசும்.

சரி, காரணிகளுக்கு வருவோம். இருபது இலக்க எண் ஒன்றைக் கொடுத்து "இதன் பகாக் காரணிகளைக் கண்டுபிடி" என்று சொன்னால், சாதாரணமாக அது கையால் ஆகிற காரியம் இல்லை. ஆனால் இந்த எண் ஒரு வர்க்கத்துக்கு ஒன்று குறைவு. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். பள்ளியில் எட்டாம் வகுப்பு வாக்கில் படித்த முற்றொருமை நினைவிருக்கும்: ஒரு வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால் அது இரண்டு துண்டாக உடையும், ஒன்று கூட்டியது ஒரு துண்டு, ஒன்று கழித்தது இன்னொரு துண்டு. 7 × 7 = 49; 48 = 8 × 6. அதேபோல 2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1).

இதில் அழகு என்னவென்றால், இரண்டாவது துண்டு மறுபடியும் அதே வடிவத்தில் இருக்கிறது. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆகவே 2³² − 1 என்பதும் (2¹⁶ + 1) × (2¹⁶ − 1) என்று உடையும். அடுத்தது 2¹⁶ − 1. அதுவும் உடையும். 64, 32, 16, 8, 4, 2, 1 என்று அடுக்கு பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போய், கடைசியில் 2 − 1, அதாவது 1 என்று முடியும். ஒவ்வொரு உடைப்பிலும் ஒரு "கூட்டல் ஒன்று" துண்டு நம் கையில் தங்கும். தங்கியவற்றைச் சேர்த்து எழுதினால்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

பேனாவும் காகிதமும் போதும், ஐந்து நிமிட வேலை. 64 என்பதே இரண்டின் அடுக்காக இருப்பதால்தான் இந்த இறக்கம் இவ்வளவு சுத்தமாக வருகிறது. 2⁶³ − 1-ஐ எடுத்துக்கொண்டு இதே மாதிரி செய்ய முயன்று பாருங்கள், முதல் படியிலேயே நின்றுவிடும், ஏனென்றால் 63-ஐப் பாதியாக்க முடியாது.

இந்த ஆறு துண்டுகளுக்கும் கணிதத்தில் ஒரு பெயர் உண்டு: ஃபெர்மா எண்கள். பிரெஞ்சுக்காரரான பியேர் த ஃபெர்மா 1640-இல் இவற்றைப் பார்த்தார். 3 பகா எண். 5 பகா எண். 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள். அடுத்தது 4294967297, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதுவும் பகா எண்ணாக இருக்கும், இதற்கு அப்புறம் வருகிறவையும் அப்படியே இருக்கும் என்று அவர் நம்பினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 90 ஆண்டுகள் அந்த நம்பிக்கை அப்படியே கிடந்தது. 1729-இல் கோல்ட்பாக் என்ற கணிதர் இன்னொரு கணிதரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில், "ஃபெர்மா இப்படிச் சொன்னது உங்களுக்குத் தெரியுமா?" என்ற பொருளில் ஒரு கேள்வி வைத்தார். ஆய்லருக்கு அப்போது 22 வயது.

ஆய்லர் 1732-இல் பதில் சொன்னார்: 4294967297 பகா எண் இல்லை, 641-ஆல் வகுபடும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் முக்கியம். 3, 7, 11, 13 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போகவில்லை. 2³² + 1-ஐ வகுக்கிற எந்தப் பகா எண்ணும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தருவதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் கண்டார். அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து. ஐந்தாவது வகுத்தலில் விடை கிடைத்துவிடும்.

அந்த வகுத்தலை நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 4294967297-இல் முதல் ஐந்து இலக்கம் 42949. அதில் 641 அறுபத்தேழு முறை போகும், 42947. மீதி வெறும் 2. அடுத்த 6-ஐ இறக்கினால் 26, போகாது, ஈவில் ஒரு 0. 7-ஐ இறக்கினால் 267, அதுவும் போகாது, இன்னொரு 0. 2-ஐ இறக்கினால் 2672, நாலு முறை, மீதி 108. 9-ஐ இறக்கினால் 1089, ஒரு முறை, மீதி 448. கடைசி 7-ஐ இறக்கினால் 4487. அது சரியாக 641 × 7. மீதி இல்லை. ஈவு 6700417. நோட்டில் ஆறு ஏழு வரி கூட வராது. தொண்ணூறு ஆண்டு நின்ற ஒரு ஊகம் அந்தக் கடைசி 4487-இல் முடிந்துபோகிறது. அதைக் கையால் போட்டு அந்தப் பூச்சியத்தில் வந்து நிற்பது, கணினியில் விடையைப் பார்ப்பதைவிட வேறு மாதிரியான அனுபவம்.

வகுக்காமலே காட்டவும் ஒரு வழி இருக்கிறது. அது இன்னும் அழகு. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 5 × 128 + 1, அதாவது 5 × 2⁷ + 1. இன்னொன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இப்போது 641-ஆல் வகுத்து வரும் மீதிகளை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்வோம். முதல் வடிவத்தின்படி 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். இரண்டு பக்கமும் நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாவது வடிவத்தின்படி 5⁴ என்பது −2⁴-க்குச் சமம். அதை உள்ளே போட்டால் −2³² என்பது 1-க்குச் சமம். அதாவது 2³² + 1-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 0. முடிந்தது. பெரிய எண் ஒன்றைக்கூட நாம் தொடவில்லை.

மிச்சமிருக்கிற 6700417 பகா எண்தானா? இதற்கும் நீண்ட தேடல் வேண்டாம். லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் 1878-இல் ஆய்லரின் நிபந்தனையை இறுக்கினார்: 64 மட்டும் இல்லை, 128-ஆல் வகுத்தாலும் மீதி 1 வர வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். அதற்குள் அந்த நிபந்தனைக்கு உட்படுகிற பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. ஐந்தாலும் வகுத்துப் பார்த்தேன், எதுவும் போகவில்லை. ஆகவே பகா எண்தான். இப்போது உங்கள் எண்ணின் முழு விவரம் இது:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஏன் திரும்ப வராது என்பதற்கும் காரணம் உண்டு. முன்னே நாம் உடைத்ததைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் தனக்கு முந்தைய எல்லாவற்றின் பெருக்குத்தொகையைவிட 2 அதிகம். 3 × 5 = 15, அடுத்தது 17. 3 × 5 × 17 = 255, அடுத்தது 257. இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி ஏதாவது இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். இவை எல்லாமே ஒற்றைப்படை. ஆகவே பொதுக் காரணி கிடையாது.

7, 11, 13 போன்ற சிறிய பகா எண்கள் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்கலாம். 2-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் மீதி 2, 4, 1, 2, 4, 1 என்று மூன்று மூன்றாகச் சுழலும். 64-ஆவது இடத்தில் 1 வர வேண்டுமானால் சுழற்சியின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும். 3 வகுக்காது. 11-க்குச் சுழற்சி 10, 13-க்கு 12, அவையும் வகுக்காது. 3-க்குச் சுழற்சி 2, 5-க்கு 4, 17-க்கு 8, 257-க்கு 16, 65537-க்கு 32. 641-க்கும் 6700417-க்கும் சுழற்சி முழு 64. சுழற்சி நீளம் இரண்டின் அடுக்காக இருக்கும் பகா எண்களுக்கு மட்டுமே இந்த வீட்டில் இடம்.

ஏழு தனித்தனிப் பகாக் காரணி என்பதால் மொத்த வகுத்திகள் 2⁷ = 128. அந்த எண்ணையே விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் எண்ணில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் வரும், ஆகவே செவ்விய எண் (அந்தக் கூட்டுத்தொகை எண்ணுக்கே சமமாக வருவது) ஆவதற்குக் கிட்டத்தில்கூட இல்லை. இதைவிட எனக்குப் பிடித்த குணம் வேறு. 1 முதல் இந்த எண் வரை உள்ளவற்றில், இதனோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஏறக்குறைய சரிபாதி. ⅔ × ⅘ என்று தொடங்கி 16/17, 256/257 என்று பெருக்கிக்கொண்டே போனால் விடை பாதியை நெருங்கிக்கொண்டே போகும். 65537 வரை எடுத்தால் பாதிக்கு ஒரு துளி மேலே நிற்கும். அடுத்த காரணியும் பகா எண்ணாக இருந்திருந்தால் அப்படியே தொடர்ந்திருக்கும். 641 குறுக்கே வந்ததால் அது பாதிக்குக் கொஞ்சம் கீழே, 0.499-இல் இறங்கிவிடுகிறது. ஃபெர்மாவின் ஊகம் தவறிய தடம் இந்தத் தசமத்தில்கூடப் பதிந்திருக்கிறது.

641-ஐயும் 6700417-ஐயும் ஒதுக்கிவிட்டு மீதி ஐந்தை மட்டும் பெருக்கினால் 4294967295, அதாவது 2³² − 1. இதற்கு வடிவியலில் ஒரு இடம் உண்டு. 1796-இல், 19 வயதுகூட நிறையாத ஜெர்மானியக் கணிதர் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து ஒழுங்கான 17 கோணம் வரையலாம் என்று கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது தனித்தனி ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும், வேறு எதற்கும் முடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் என்ற கணிதர் முழுமையாக்கினார். இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அந்த ஐந்துதான். ஆகவே அப்படி வரையலாம் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்கள் 31. அவற்றில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். 65537 பக்கத்துக்கான வரைமுறையை எழுதுவதிலேயே ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்து ஆண்டுகள் செலவழித்தார். அந்தக் கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்தப் பத்து ஆண்டு உழைப்பை வீண் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன்.

இப்போது எல்லோருக்கும் தெரிந்த கதைக்கு வருகிறேன். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு என்று கேட்ட கதை. கேரளத்தின் அம்பலப்புழைக் கோயிலில் பால் பாயசம் வந்ததற்கும் இதே கதையைச் சொல்வார்கள். 64 கட்டத்தையும் கூட்டினால் வருவது உங்கள் திரையில் வந்த அதே எண்தான், ஒன்று கூடாமல் குறையாமல். ஒரு அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 36,800 கோடி டன்னுக்கு மேல். உலகம் முழுக்க ஒரு ஆண்டில் விளைகிற அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய 700 ஆண்டு விளைச்சல்.

இந்தக் கதையில் அரிசியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கணினி இல்லாத காலத்தில் இந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது. ஆயிரமாவது ஆண்டை ஒட்டி எழுதிய நூலில் அல்-பிரூனி என்ற அறிஞர் இதைச் செய்திருக்கிறார். 63 முறை இரட்டிக்கவில்லை. ஒரு கட்டத்தில் உள்ள எண்ணை அதே எண்ணால் பெருக்கினால், முதல் கட்டத்திலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிற கட்டத்தின் எண் கிடைக்கும் என்று அவர் கவனித்தார். ஐந்தாம் கட்டத்தில் 16. அது முதல் கட்டத்திலிருந்து நான்கு தள்ளி. 16 × 16 = 256, அது எட்டுத் தள்ளி, ஒன்பதாம் கட்டம். அடுத்தது 65536. அடுத்தது 4294967296. அதையும் ஒருமுறை தன்னால் பெருக்கினால் 65-ஆவது கட்டம், பலகையில் இல்லாத கட்டம். அதில் 1-ஐக் கழித்தால் பலகை முழுவதற்குமான கூட்டுத்தொகை. 2-இல் தொடங்கினால் ஆறே பெருக்கல். இன்று பெரிய அடுக்குகளைக் கணக்கிடக் கணினிகள் செய்வதும் அடிப்படையில் இதே உத்திதான்.

இதே எண் இன்னொரு விளையாட்டிலும் வரும். ஹனோய் கோபுரம் என்று வட்டுகளை ஒரு கம்பிலிருந்து இன்னொரு கம்புக்கு மாற்றும் புதிர். மேலே 128 நிபந்தனையைச் சொன்ன அதே லூக்காஸ் 1883-இல் வெளியிட்டது. காசியில் ஒரு கோயிலில் 64 தங்க வட்டுகள் இருப்பதாகவும், அர்ச்சகர்கள் இரவு பகலாக அவற்றை மாற்றிக்கொண்டிருப்பதாகவும், மாற்றி முடித்ததும் உலகம் முடியும் என்றும் அதற்கு ஒரு கதை சேர்ந்தது. காசியில் அப்படி ஒன்றும் இல்லை, புதிருக்காகப் புனைந்த கதை. 64 வட்டுக்குக் குறைந்தபட்ச நகர்த்தல் 2⁶⁴ − 1. நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு, அதைப்போல 42 மடங்கு. நம் புராணக் கணக்கில் பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பகலும் இரவும் சேர்ந்து 864 கோடி. அந்தக் கணக்கில் வட்டு மாற்றும் வேலை முடிய பிரம்மாவுக்கு இரண்டு மாதமும் ஒரு வாரமும் ஆகும். அவருடைய ஆயுளோ நூறு ஆண்டு. பெரிய எண்களை அஞ்சாமல் கையாண்ட மரபு நம்முடையது என்று இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அடுத்தது நம் ஊர்க்காரர் சம்பந்தப்பட்டது. 1, 3, 6, 10, 15 என்று வருகிறவை முக்கோண எண்கள். கோலிக்குண்டுகளை முக்கோணமாக அடுக்கினால் வருகிற எண்ணிக்கை. இவற்றில் 1, 3, 15 மூன்றும் "இரண்டின் அடுக்கு கழித்தல் ஒன்று" என்ற வடிவிலும் இருக்கின்றன. 4095-உம் அப்படித்தான், அது 2¹² − 1, 1 முதல் 90 வரை கூட்டினால் வரும். அப்படியானால் 2⁶⁴ − 1-உம் முக்கோண எண்ணாக இருக்குமா?

ஒரு எண் முக்கோண எண்ணா என்று பார்க்க, அதை 8-ஆல் பெருக்கி 1 கூட்ட வேண்டும். முழு வர்க்கம் வந்தால் ஆம். நம் எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 2⁶⁷ − 7. இரண்டின் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போது முழு வர்க்கம் வரும்? இந்தக் கேள்வியைத்தான் ராமானுஜன் 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு வைத்தார். அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது வருகிறது, வேறு உண்டா என்று கேட்டார். வேறு இல்லை என்பதை 1948-இல் நார்வேயைச் சேர்ந்த நாகெல் நிரூபித்தார். ஐந்து சிறிய விடைகள், அதற்கப்புறம் முடிவில்லாமல் போகிற அடுக்குகளில் ஒன்றுகூட இல்லை.

67 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நம் எண் முக்கோண எண் இல்லை. நாகெலின் நிரூபணம் எட்டாத உயரத்தில் இருந்தாலும், இந்த ஒரு எண்ணுக்கு மட்டும் கையாலேயே சரிபார்க்க முடியுமா என்று ஒருநாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். 2⁶⁷ − 7 = 147573952589676412921. வலமிருந்து இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 11 வந்தது. அதாவது 11-ஆல் வகுபடும். முழு வர்க்கமாக இருந்தால் 121-ஆலும் வகுபட்டே ஆக வேண்டும். 11-ஆல் வகுத்தேன்: 13415813871788764811. இதையும் அதே மாதிரி கூட்டிக் கழித்தால் 12. 11-ஆல் வகுபடவில்லை. அவ்வளவுதான், முழு வர்க்கம் இல்லை என்று முடிந்துவிட்டது. இருபத்தோரு இலக்க எண்ணுக்கு வர்க்கமூலம் காணாமலே விடை கிடைத்த அந்தச் சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கடைசியாக, இதன் பக்கத்து வீட்டைக் கட்டாயம் காட்ட வேண்டும். நம் எண்ணோடு 1 கூட்டினால் 2⁶⁴. அதில் இரண்டைத் தவிர வேறு பகாக் காரணி இல்லை. இன்னும் ஒன்று கூட்டினால் 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1. இதுவும் ஒரு ஃபெர்மா எண். அளவு ஒன்றுதான், இலக்கங்களும் கடைசி ஒன்றைத் தவிர அதேதான். ஆனால் இதற்கு நாம் ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்த அந்தப் படிக்கட்டு கிடையாது. "வர்க்கம் கழித்தல் ஒன்று" உடையும். "வர்க்கம் கூட்டல் ஒன்று" அப்படி உடையாது.

641-ஐ ஆய்லர் ஐந்தாவது முயற்சியில் பிடித்தார். இந்த எண்ணுக்கோ, லூக்காஸ் இறுக்கிய நிபந்தனைப்படி 256-ஆல் வகுத்து மீதி 1 வருகிற எண்களாகப் பார்த்துக்கொண்டு போனால், 1071-ஆவது எண்ணில்தான் காரணி காத்திருக்கிறது. 1855-இல் கிளாசன் என்ற கணிதர் அதைக் கண்டு காஸுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார், ஆனால் அது வெளியே பரவவில்லை. 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் பல மாதம் உழைத்துத் தனியாகக் கண்டுபிடித்து வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 82.

18446744073709551617 = 274177 × 67280421310721

இரண்டுமே பகா எண்கள். இதற்கு அப்புறம் வருகிற ஃபெர்மா எண்களில் பகா எண் ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை. 2³²-இல் தொடங்கி அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும் வரிசையில் முதல் 28 எண்களும் பகு எண்கள் என்று தெரிந்திருக்கிறது. 29-ஆவது எப்படி என்று இன்றுவரை முடிவாகவில்லை.

பகா எண் வேண்டும் என்று நீங்கள் தேடினால், அந்தப் பக்கம் 2⁶⁴-க்கு 13 மேலே ஒன்று, இந்தப் பக்கம் 59 கீழே ஒன்று இருக்கிறது. கீழே இருப்பது 18446744073709551557. குறியில்லாத 64 பிட்டுக்குள் அடங்குகிற மிகப் பெரிய பகா எண் அதுதான். உங்கள் நிரலில் வந்தது அதைவிட 58 அதிகம். நிரலைப் பொறுத்தவரை, கழிப்பதற்கு முன்னால் பட்டியல் காலியா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும்.